முன்னோரைத் தேடும் வழி

ஐரோப்பியர் ஒருவர் தம் குடும்ப வரலாற்றைத் தேடப் புகுந்தால், குடும்பப் பெயரொன்றைப் பற்றிக்கொண்டு பல தலைமுறை பின்னோக்கிச் செல்லலாம். நமக்கு அது எளிதன்று. கந்தையாவின் மகன் வேலுப்பிள்ளை; வேலுப்பிள்ளையின் மகன் சின்னத்தம்பி. தந்தை பெயர் மகனுக்கு முதலெழுத்தாகிப் பேரனிடத்தே மறைந்துவிடும். பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கமும் உண்டாதலால், ஓரூரிலே ஒரே பெயருடையார் பலர் பதிவேடுகளிலே தோன்றித் தேடுவோரை மயக்குவர். ஆகவே, யாழ்ப்பாணத்தவர் பெயரைத் தொடர்வதினும் நிலத்தைத் தொடர்வதே நல்ல வழியென்பது என் துணிபு.

நிலத்தின் கதை உறுதியிலே இருக்கிறது. பழைய உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். நொத்தாரிசு காணியின் பெயர், பரப்பு, குழி என்பவற்றை எழுதியதோடு நில்லாது, அக்காணி இன்னாருக்கு இன்ன ஆண்டு இன்ன இலக்க உறுதிப்படி வந்ததென்றும் எழுதியிருப்பார். நான்கெல்லைக் காணிக்காரரின் பெயர்களும் வரும். அவருட் சிலர் இனத்தவராகவே இருத்தல் கூடும். ஒரு காணியே பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து அயற்காணிகளாவது நாம் அறிந்ததே. முந்திய உறுதியின் இலக்கத்தைக் கொண்டு காணிப் பதிவகத்திலே தேடினால் இன்னொரு தலைமுறை வெளிப்படும்.

இதிலே ஒரு சிறப்புண்டு. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. தாயின் சீதனம் மகளைச் சேரும் மரபினால், தாய், தாயின் தாய் எனப் பெண்வழி உறுதிகளிலே தொடர்கின்றது. முதலெழுத்து மறைத்துவிட்ட பெண்களை நான் பெயரோடு கண்டது சீதன உறுதிகளிலேதான்.

அடுத்தது கல்வெட்டு. இது கல்லிலே வெட்டியதன்று. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாட் கிரியையின்போது அச்சிட்டு வழங்கும் சிறு நூல். திருமுறைப் பாடல்களோடு, இறந்தவரின் பெற்றார், உடன்பிறந்தார், மணம் செய்த இடம் முதலியனவும், சிலவற்றிலே வம்சாவளிப் படமும் இருக்கும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பின் வந்த இடப்பெயர்வுகளிலே வீட்டுப் பெட்டகங்களும் போயின. எனினும் 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய நினைவு வெளியீடுகளையும் சேர்த்து, எவரும் கட்டணமின்றி இணையத்திலே படிக்க வைத்துள்ளது. ஊர்ப் பெயரை இட்டும் தேடிப் பாருங்கள். புகழ்வதற்கென எழுதியவை ஆதலின், பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெருமைகளைப் பொறுமையாக ஆராயலாம்!

கிறித்தவக் குடும்பத்தாருக்கு ஞானஸ்நானப் பதிவேடுகள் உண்டு. ஆயின் 1816 இல் வந்த அமெரிக்க மிஷனாரின் பாடசாலைகளிலே, உபகாரிகளின் பெயர்களை மாணாக்கருக்கு இட்டனர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் பெயரிலே அதன் சுவட்டைக் காணலாம். வேற்றுப் பெயரொன்று ஏட்டிலே எதிர்ப்பட்டால், அவர் வேற்றவர் என ஒதுக்கிவிடலாகாது. அம்மிஷனின் தலைமைச் சங்கத்து ஆவணங்கள் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ஹவ்டன் நூல்நிலையத்திலே பேணப்படுகின்றன.

மலையகத்தாருக்குக் காணி உறுதி வழிகாட்டாது. நிலத்தை வளப்படுத்தியவருக்கு நிலம் உரித்தாகவில்லையன்றோ! அவர்கள் தோட்டப் பதிவேடுகளையும், 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பிரஜாவுரிமை கோரிய விண்ணப்பப் பிரதிகளையும், பழைய இந்தியக் கடவுச்சீட்டுகளையும் தேடல் வேண்டும். தமிழகத்துச் சொந்த ஊரின் பெயர் அவற்றிலே கிடைத்தல் கூடும்.

இன்னும் பின்னே செல்வோர் தோம்புகளை நாடுவர். தோம்பென்பது போர்த்துக்கேயர் தந்த சொல். நிலத்தையும் குடிகளையும் வரிக்காகவும் ஊழியத்துக்காகவும் எழுதிவைத்த ஏடு அது. ஒல்லாந்தர் கால ஆவணங்கள் கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. பழைய ஒல்லாந்த மொழி அறிந்தாரின் துணையின்றி அவற்றைப் படித்தல் அரிது. அங்கே காண்பன யாவும் இனிக்குமென்று எண்ணவேண்டா. அடிமைகளைச் சீதனமாகக் கொடுப்பதைத் தேசவழமையே பேசுகின்றது. அடிமை முறை இலங்கையிலே சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 இலேதான். கொடுத்தவரின் வழியினரும் கொடுக்கப்பட்டவரின் வழியினரும் இன்று ஓரூரிலே வாழலாம். கண்டதை மறையாது எழுதிவைக்கும் துணிவு இல்லாதார் இத்தேடலிலே இறங்காதிருப்பது நன்று.

ஏடுகளுக்கு முன்னர் வீட்டிலுள்ள முதியோரிடம் கேளுங்கள். காணிப் பெயரைச் சொல்லிக் கேட்டால், ஆட்பெயருக்கு வராத நினைவு வந்துவிடும். வெளிநாட்டிலுள்ள உறவினர் கொண்டுபோன கடதாசிகளையும் விசாரியுங்கள். உறுதிகளை நல்ல பகல் வெளிச்சத்திலே விரித்துக் கைத்தொலைபேசியாற் படமெடுக்கும்போது, ஓரத்தையும் பின்புறத்தையும் விட்டுவிடாதீர்கள். பதிவகத்து முத்திரையும் இலக்கமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.