தெருவில் படம் எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?

டிஜிட்டல் கேமரா வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை எக்ஸ் ஸூம் இருக்கு?" என்பதுதான். நானும் அப்படிக் கேட்டு வாங்கியவன்தான். இன்ஜினியரிங் முடித்து சாப்ட்வேர் வேலையில் சேர்ந்து, முதல் போனஸில் 30 எக்ஸ் ஸூம் கேமரா ஒன்றை வாங்கிக் கொண்டு ஊருக்கு வந்தேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கம். அங்குள்ள பூ மார்க்கெட்டில் அப்பத்தா சின்னதாகக் கடை போட்டிருந்தார். மல்லிகையும் முல்லையும் மூட்டையாக வந்து இறங்கும் நேரம். எதிர்ப்புறம் நின்று ஸூம் செய்து நாற்பது படங்கள் எடுத்தேன்.

"ஏன்டா, அங்கிட்டு நின்னே புடிக்கிற? கிட்ட வாடா" என்றார்.

"இங்கேருந்தே தெளிவா விழும் அப்பத்தா" என்றேன்.

தெளிவாகத்தான் விழுந்திருந்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் நெற்றிச் சுருக்கம் வரை தெரிகிறது. ஆனால் தராசு இல்லை, பூக்கூடை இல்லை, பக்கத்துக் கடைக்காரர் இல்லை. அடுத்த வருடம் அப்பத்தா இறந்துவிட்டார். கடையும் போயிற்று. அந்தக் கடை எப்படி இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு படம்கூடக் கிடையாது. இத்தனைக்கும் ஸூம் செய்யாமல் விட்டிருந்தால் அதே கேமரா அகலமாகத்தான் எடுத்திருக்கும். ஸூம் பட்டன் இருந்தால் விரல் சும்மா இருப்பதில்லை!

தெருவுக்கு வேண்டியது அகலமாகப் பார்க்கும் லென்ஸ். இதனை வைடு ஆங்கிள் என்பார்கள். 35 எம்எம் பிலிம் கணக்கில் 28 எம்எம் லென்ஸை வைத்துக் கொண்டு 2 மீட்டர் தள்ளி நின்றால், படத்தில் சுமார் 2.6 மீட்டர் அகலம் அடங்கும். ஆளும் கடையும் பக்கத்துத் தூணும் வந்துவிடும். அதே இடத்தில் 50 எம்எம் லென்ஸ் என்றால் 1.4 மீட்டர்தான். கேமராவில் 18.3 எம்எம் என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள பெரும்பாலான கேமராக்களில் அதை ஒன்றரையால் பெருக்குங்கள். ஏறக்குறைய 28 வரும்.

சட்டைப் பையில் அடங்கும் கேமராக்களில் இந்த வேலைக்குப் பெயர் பெற்றது ரிக்கோ ஜிஆர் வரிசை. 1996ல் பிலிம் கேமராவாக வந்தது. தெருப் படங்களுக்குப் புகழ்பெற்ற ஜப்பானியர் டைடோ மோரியாமா பயன்படுத்திய வரிசை இது. 2005ல் டிஜிட்டல் ஆனது. 2013ல் பெரிய சென்சார் கிடைத்தது. 2019ல் வந்த ஜிஆர் 3, 24 மெகாபிக்ஸல்; பேட்டரியுடன் 257 கிராம். ஸூம் கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பெயரைக் கவனியுங்கள். 2021ல் வந்த 3எக்ஸ் மாடலில் இருப்பது 40 எம்எம் லென்ஸ்.

நான் ஜிஆர் 3 வாங்கியதற்குக் காரணம் ஸ்நாப் போகஸ் என்ற வசதி. தூரத்தை 2 மீட்டர் என்று முன்பே செட் செய்துவிடலாம். பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால், போகஸ் தேடாமல் கேமரா உடனே படம் எடுத்துவிடும். அபெர்ச்சரை எப் 8ல் வைத்தால் சுமார் 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை ஓரளவு தெளிவாகவே இருக்கும். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 400 தாராளம். கடைத் தாழ்வார நிழலுக்குள் போனால் 1600க்கு ஏற்றிக் கொள்ளவும்.

குறைகளும் உண்டு. ஒரு பேட்டரி சுமார் 200 படங்களுக்குத்தான் வரும். இன்னொன்று பையில் இருக்கட்டும். பிளாஷ் கிடையாது. தூசு புகாத கட்டமைப்பும் இல்லை. நம்மூர் செம்மண் புழுதியில் ஜிப் வைத்த உறை அவசியம்.

விலை ஒரு நல்ல லேப்டாப் அளவுக்கு வரும். அவ்வளவு முடியாதவர்கள், பழைய மைக்ரோ போர் தேர்ட்ஸ் கேமரா ஒன்றுடன் பானாசோனிக் 14 எம்எம் எப் 2.5 லென்ஸைச் சேர்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். லென்ஸ் வெறும் 55 கிராம். இந்த வகையில் இரண்டால் பெருக்க வேண்டும், அதே 28தான்.

எதுவும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் மொபைலில் 1 எக்ஸ் என்று இருக்கும் கேமரா, பெரும்பாலும் 24லிருந்து 26 எம்எம் வரையிலான வைடு ஆங்கிள்தான். ஒரு வாரம் ஸூமைத் தொடாமல் எடுங்கள். 0.5 எக்ஸ் வேண்டாம். ஓரத்தில் நிற்பவர் முகத்தை இழுத்துவிடும்.

கிட்டே போனால் ஆட்கள் பார்க்கத்தான் செய்வார்கள். எனக்கும் முதலில் கை நடுங்கியது. "ஒரு படம் எடுத்துக்கலாமாண்ணே?" என்றால் பெரும்பாலோர் தலையாட்டுவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். உடனே எடுக்காமல் அங்கேயே நின்று பேசிக் கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்குவார்கள். அப்போது எடுப்பதுதான் நல்ல படம்.

வீட்டிற்கு வந்ததும் படங்களை விண்டோஸ் கம்ப்யூட்டரில் தேதி வாரியாக போல்டர் போட்டு காப்பி செய்திடவும். ஒரு படத்தின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், பின் டீட்டெய்ல்ஸ் டேப் செல்லவும். 35 எம்எம் போகல் லென்த் என்ற இடத்தில் எந்த அளவில் எடுத்தீர்கள் என்பது பெரும்பாலும் பதிவாகியிருக்கும். உங்களுக்குப் பிடித்த இருபது படங்களில் இதைப் பார்த்து எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.