கலைமானும் குடும்பத் தலைவனும்

திருப்பூர் மாவட்டத்தின் தென் எல்லையில், உடுமலைப்பேட்டைக்கு அப்பால், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடுகள் விரிந்து கிடக்கின்றன. பனியன் ஆலைகளின் இரைச்சலிலே வாரத்தைக் கழிக்கும் நம்மவர் பலர், மூணாறு செல்லும் வழியில் அங்கே புள்ளிமான் கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்திருப்பர். அம்மான் தன் துணையைத் தேடும் முறையை அறிவோர் படைத்தவரின் ஞானத்தை வியவாதிரார்.

புள்ளிமான்களில் ஆணுக்கே கொம்புண்டு. மாட்டின் கொம்பைப்போல் அது நிலைத்திருப்பதன்று. உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வளரும் காலத்தில், இரத்த ஓட்டமுள்ள மெல்லிய தோல் வெல்வெட் துணியைப் போல அதனைப் போர்த்தியிருக்கும். வளர்ச்சி முற்றியதும் அத்தோல் காய்ந்து உரிய, கலைமான் மரங்களில் உராய்ந்து கொம்பைத் துலக்கிக்கொள்கிறது. அதன்பின் இணைசேரும் பருவம் வருகிறது. ஆண்டின் எம்மாதத்திலும் இவை இணையக்கூடுமாயினும், கோடையையொட்டியே இது மிகுதி.

அப்போது கலைமானின் கழுத்து பருக்கிறது; உரத்த குரல் காடெங்கும் ஒலிக்கிறது. பின்னங்கால்களில் எழுந்து நின்று, தலைக்கு மேலுள்ள கிளைகளில் முகத்தைத் தேய்த்துத் தன் மணத்தைப் பதிக்கிறது. கூட்டம் கூட்டமாகச் சென்று பிணைமானைத் தேடுகிறது. போட்டிக்கு மற்றொரு கலைமான் வந்தால், இரண்டும் தத்தம் உடலையும் கொம்பையும் காட்டி நிற்கும். பெரும்பாலும் சிறியது விலகிவிடும். உயிரைப் பறிக்கும் போர் அரிது. கான்ஹா காட்டில் மான்களை ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் என்னும் அறிஞர், 1967-இல் வெளியிட்ட நூலில் இவ்வாழ்க்கையை விரிவாக எழுதியுள்ளார்.

பிணைமான் துள்ளி ஓடினால் கலைமான் பின்தொடர்ந்து காத்திருக்கும். அது நின்று இசைந்தாலன்றி இணைதல் இல்லை. ஏறத்தாழ எட்டு மாதங்களில் பெரும்பாலும் ஒரே கன்று பிறக்கும். தாய் அதனைப் புதரில் மறைத்துவைத்துப் பாலூட்டும். தந்தையோ அக்கன்றை வளர்ப்பதில் பங்கு கொள்வதில்லை.

விலங்குக்கு இது குற்றமன்று. அதற்கு விதிக்கப்பட்டது அவ்வளவே. ஆனால், திருமண அருட்சாதனத்தால் இணைந்த மனிதனுக்கு இது போதுமா? மணமாகும் வரை கலைமானைப்போல் ஆரவாரம் செய்து, மணமானபின் மனைவி மக்களை மறந்து திரியும் ஆண்கள் நம்மிடையே இல்லையா? சனிக்கிழமைச் சம்பளம் மதுக்கடையோடு முடிய, தையல் இயந்திரத்தின்முன் இரவு வரை குனிந்திருந்து பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைத் தனியே தேடும் தாய்மார் எத்தனை பேர்!

புனித சூசையப்பரைப் பாருங்கள். தாயையும் பாலனையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு நடந்தவர் அவர். வலிமை என்பது கொம்பை உயர்த்துவதிலன்று, உடனிருந்து காப்பதிலே உண்டு என அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

திருமண வயதில் நிற்கும் இளைஞரே, பெண்ணின் சம்மதத்திற்குக் காத்திருக்கக் கலைமானிடம் கற்றுக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவரே, கலைமான் விலகிச் செல்லும் இடத்தில் நீங்கள் நிலைத்து நில்லுங்கள். வருகிற சனிக்கிழமைச் சம்பளம் குறையாமல் இல்லம் சேரட்டும். அன்றிரவு பிள்ளைகளோடு நீங்களும் செபமாலைக்கு முழந்தாளிடுங்கள்.