லாச்சப்பல் கூட்டமும் பெத்தானியா வீடும்

பாரிஸ் புறநகரான எபினேயிலிருந்து எச் ரயிலில் ஏறினால் கார் து நோர் நிலையம். அங்கிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல். சனி பின்னேரம் அந்தத் தெருவில் தெரிந்த முகம் ஒன்றையாவது காணாமல் திரும்ப முடியாது. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, லூர்து யாத்திரை என்று ஆட்கள் கூடும் நாட்களுக்கும் குறைவில்லை. அதனால் பாரிஸ் தமிழருக்குத் தனிமை என்ற பேச்சே பொருந்தாது என்பவர்கள் உண்டு. நான் இதை ஏற்கவில்லை. நம்மைக் கண்டு சிரிக்க நூறு பேர் இருக்கலாம். நம்முடைய உண்மை நிலை அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிறிஸ்தவ நம்பிக்கை இந்தக் கேள்வியைத்தான் நம் முன் வைக்கிறது.

2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். பாரிசில் யாரும் உரிமை கோராத 57 உடல்களை செப்டம்பரில் தியே மயானத்தில் அடக்கம் செய்தபோது ஜனாதிபதி சிராக்கே போய் நின்றார். அவர்களும் சுவருக்குச் சுவர் ஒட்டிய குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள்தான். குடும்பம், நட்பு, அயல் எதனோடும் தொடர்பற்றுப் போன முதியோரை 2017இல் 3 லட்சம் என்று மதிப்பிட்ட ‘பெத்தி ஃப்ரேர் தே போவ்ர்’ அமைப்பு, 2025இல் 7.5 லட்சம் என்கிறது.

“அது வெள்ளைக்காரரின் பிரச்சினை” என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் எண்பதுகளில் இளைஞர்களாக வந்து உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள் இப்போது ஓய்வூதிய வயதை எட்டிவிட்டார்கள். போதாததற்கு, நம்முடைய நெருக்கமே நம்மை மறைந்து வாழவும் வைக்கிறது. விசா மறுப்பு, சீட்டுக் கடன், குடி, முறிந்த மணவாழ்வு எதுவானாலும் ஒருவரிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் கனடாவரை போய்விடும். ஆகவே பூசை முடிந்து கோயில் வாசலில் “சுகமோ?” என்று கேட்டால், “ஓம், நல்ல சுகம்” என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

ஆயிரங்களுக்குப் போதித்த இயேசு, கெத்சமனியில் மூன்று பேரைத்தான் பக்கத்தில் அழைத்துத் தம் துயரத்தைச் சொன்னார். களைத்தபோது தங்க அவருக்குப் பெத்தானியாவில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டு இலாசர் இறந்தபோது அவர் அழுதார். தந்தையிடம் கேட்டதையெல்லாம் சீடர்களுக்குச் சொல்லிவிட்டதால்தான் அவர்களை நண்பர்கள் என்று அழைப்பதாக யோவான் நற்செய்தி காட்டுகிறது. மனம் திறப்பதுதான் அங்கே நட்பின் அளவுகோல். சிலுவையடியிலோ தாயையும் சீடரையும் ஒருவர் பொறுப்பில் மற்றவரை விட்டார். இரத்தத் தொடர்பில்லாத ஓர் உறவு அங்கே பிறந்தது. ஷோபாசக்தி நடித்து 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற ‘தீபன்’ படத்தில், இறந்தவர்களின் கடவுச்சீட்டில் வரும் முன்பின் அறியாத மூவர் குடும்பமாக நடிக்கிறார்கள்; நடிப்பு மெல்ல மெல்லப் பாசமாகிறது. அகதி வாழ்வு அவர்கள்மேல் சுமத்திய உறவை, நற்செய்தி நம்மை மனமுவந்து ஏற்கச் சொல்கிறது.

எல்லோரையும் நேசிக்கச் சொல்லும் மதத்தில் சிலரோடு மட்டும் நெருங்குவது பாரபட்சமல்லவா என்ற மறுப்பைப் புறந்தள்ள முடியாது. சாகப்போகிற நண்பனைச் சாகாதவன்போல் நேசித்தேனே என்று புனித அகுஸ்தீனார் தம்மையே கடிந்துகொண்டார். ஆனாலும் அவர் நட்பைத் துறக்கவில்லை. ஹிப்போவில் ஆயரான பிறகும் தோழர்களோடு ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார். பவுலும் உரோமையருக்கு எழுதிய மடலின் முடிவில் இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். ரூபுவின் தாய் தமக்கும் தாய் என்கிறார். யாரோடும் ஆழமாகப் பழகாதவர் எல்லோரையும் நேசிக்கிறார் என்றால் எனக்கு நம்பக் கடினமாக இருக்கிறது.

நேரம் இல்லை என்பது இதைவிட நியாயமான மறுப்பு. விடியுமுன் துப்புரவு வேலை, இரவில் குசினி வேலை என்று ஓடுகிறவரிடம் இன்னொரு கூட்டத்துக்கு வரச்சொல்வது அநியாயம். அதற்குப் பதிலாக, விழாக்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை நமது ஆன்மீகப் பணியகங்கள் வேறு வகையில் செலவிடலாம். பிரெஞ்சு தெரியாத ஒரு முதியவரைக் குறிப்பிட்ட இரண்டு குடும்பங்களின் பொறுப்பில் விடலாம். மருத்துவரிடம் கூட்டிப்போவதும், தபாலில் வரும் அரச கடிதங்களை வாசித்துச் சொல்வதும், கேட்டதை வெளியே சொல்லாதிருப்பதும் அந்த இரண்டு வீட்டாரின் கடமையாக இருக்கட்டும். ஆட்கள் மாறாமல் ஒரு வருடமாவது போய்வந்தால்தான் அந்த முதியவர் “நல்ல சுகம்” என்பதற்கு மேல் ஏதாவது சொல்லத் தொடங்குவார்.