இரண்டு வகுப்பிலும் அதே வரைபடம்

மருத்துவ ஆய்வகப் பாடத்தோடு வணிக நிர்வாகமும் படிக்கிறேன் என்றால், “இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கிறார்கள். தஞ்சோங் பகார் அலுவலகக் கட்டடங்களிலிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம், ஊட்ரம் பார்க்கில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வந்துவிடும். என் இரு பாடங்களும் அதைவிட நெருக்கம்.

நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் எல்லைக்கோடுகள். தொலைபேசிக் கருவிகள் தயாரித்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக 1924ல் வால்டர் ஷூஹார்ட் வகுத்த வரைபடம் இது. 1950ல் லீவியும் ஜென்னிங்ஸும் இதை மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தனர்.

நோயாளிகளின் ரத்தத்தைச் சோதிக்குமுன், அளவு ஏற்கெனவே தெரிந்த மாதிரியை இயந்திரத்தில் வைத்து, வரும் எண்ணைப் புள்ளியாகக் குறிப்போம். புள்ளி இரண்டு திட்டவிலக்கத்தைத் தாண்டியதுமே சோதனையை நிறுத்தலாமா? அப்படிச் செய்தால், பழுதில்லாத இயந்திரம்கூட ஏறத்தாழ 20 முறைக்கு ஒருமுறை நிற்கும். வேதிப்பொருள் வீண், அவசரப் பிரிவு காத்திருக்கும். நிறுத்தாவிட்டாலோ, பொட்டாசியத்தின் தவறான அளவு மருத்துவர் கைக்குப் போகலாம். அது இதயத்துடிப்போடு தொடர்புடைய எண். நிர்வாக வகுப்பின் பிஸ்கட் பொட்டல உதாரணத்தில் இந்தப் பயம் இல்லை!

1981ல் வெஸ்ட்கார்ட் குழு தந்த விதிகள் இங்கேதான் உதவுகின்றன. ஒரு புள்ளி இரண்டு விலக்கத்தைத் தாண்டினால் எச்சரிக்கை மட்டுமே. அடுத்த புள்ளியும் அதே பக்கம் தாண்டினாலோ, ஒரே புள்ளி மூன்றைத் தாண்டினாலோ, முடிவுகள் ஆய்வகத்தைவிட்டு வெளியே போகக்கூடாது.