வரி வரியாகப் படிக்கும் பேட்ச் ஃபைல்

பெயர்ப் பட்டியல், மார்க் லிஸ்ட் எல்லாம் நோட்பேடில் தட்டி வைக்கிறோம். அதிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து வேரியபிளில் (பெயர் ஒட்டிய டப்பா என்று வைத்துக்கோங்க) போட ஒரு பேட்ச் ஃபைல் போதும். விண்டோஸோடு சும்மா வருவது. ஆனா ஒண்ணு, பாதி வரியை விழுங்கிவிட்டும் இது 'எர்ரர்' என்று சொல்லாது!

நம்ம யூனியன் பிரதேசத்தின் நான்கு பகுதிகளையும் எஸ்.டி.டி. கோடோடு 'ஊர்' என்ற ஃபைலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்:

புதுச்சேரி 0413
காரைக்கால் 04368
மாஹே 0490
ஏனாம் 0884

'செட் /பி' கமாண்டுக்கு இந்த ஃபைலைக் கொடுத்தால் முதல் வரி மட்டும்தான் கிடைக்கும். நம்ம சேதராப்பட்டுக்கு 0413 வந்துடும், மாஹேக்காரர் காத்திருக்கணும். எல்லா வரியும் வேணும்னா 'ஃபார் /எஃப்'. இது பழைய விண்டோஸ் 98-இல் கிடையாது. 2000, எக்ஸ்பி முதல் இன்றைய 11 வரை ஓடும். கமாண்டுகளை ஆங்கிலத்தில் தட்டவும்:

செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பேன்ஷன்
செட் எண்=0
ஃபார் /எஃப் "டோக்கன்ஸ்=*" %%எக்ஸ் இன் (ஊர்.டிஎக்ஸ்டி) டூ (
செட் /ஏ எண்+=1
செட் ஊர்!எண்!=%%எக்ஸ்
)

இப்போ ஊர்1 முதல் ஊர்4 வரை நான்கு டப்பா ரெடி.

அந்த "டோக்கன்ஸ்=*" ரொம்ப முக்கியம். அதை விட்டால் முதல் இடைவெளியோடு படிப்பை நிறுத்திடும், கோடு நம்பர் போச்சு. நம்ம ஆட்கள் இனிஷியலை முன்னால் போடுவோம் இல்லையா? 'கோ. செல்வி' என்ற வரியில் 'கோ.' மட்டும் மிஞ்சும். நாற்பது பேர் பட்டியல் நாற்பது இனிஷியலாக நிற்கும்! ஊரும் கோடும் தனித்தனியா வேணும்னா "டோக்கன்ஸ்=1,2" போடுங்க; கோடு %%ஒய்-இல் வந்து உட்காரும்.

ஆச்சரியக்குறி எதுக்குன்னு கேட்பீங்க. அடைப்புக்குள்ளே %எண்% என்று எழுதினால், சுற்று தொடங்கும் முன்பே அதன் மதிப்பைப் போட்டு முடித்துவிடும். எல்லாம் ஊர்0 என்ற ஒரே டப்பாவில் விழுந்து கடைசியில் ஏனாம் மட்டும் இருக்கும். !எண்! என்றால் ஒவ்வொரு சுற்றிலும் புதுசா பார்க்கும். (ஆனா ஃபைலுக்குள்ளேயே '!' இருந்தால் அது காணாமல் போயிடும்.) காலி வரியையும், அரைப்புள்ளியில் ஆரம்பிக்கும் வரியையும் 'ஃபார் /எஃப்' தாண்டிப் போயிடும். அதனால் எண்ணிக்கை குறைஞ்சா அங்கே பாருங்க.

இன்னொரு வேடிக்கை! 0413-உடன் 'செட் /ஏ' மூலம் 1 கூட்டினால் 414 வராது, 268 வரும். முன்னால் சைபர் இருந்தால் எட்டடிமான எண் என்று எடுத்துக்கும்: 4×64 + 1×8 + 3 = 267. எட்டடிமானத்தில் 8, 9 கிடையாது. அதனால் மற்ற மூன்று ஊர்க் கோடுக்கும் எர்ரர்தான். கணக்கு வகுப்பில் படித்தது இங்கே வந்து நிற்குது பாருங்க!

பட்டியலைத் தமிழிலேயே வைக்க ஆசையா? ஃபைலை யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'சிஎச்சிபி 65001' போடுங்க. கறுப்புத் திரையில் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியலாம், பயப்படாதீங்க. விடையை இன்னொரு ஃபைலுக்கு அனுப்பி நோட்பேடில் திறந்தால் தமிழ் தெரியும்.