சர்க்கரை நோயாளி பழம் சாப்பிடலாமா?

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் பனையும் தென்னையும் உண்டு. கொல்லையில் கொய்யாவோ மாவோ ஒன்றிரண்டு நிற்கும். பருவத்தில் வடகாடு, கீரமங்கலம் பகுதிப் பலாவும் வந்து சேரும். ஆனால் சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே பலர் பழத்தை அடியோடு நிறுத்தி விடுகிறார்கள். சோறு மட்டும் குறைவதில்லை! நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. வெறுங்காலுடன் வயலில் இறங்குபவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறு முள் குத்திய புண்ணும் ஆறாமல் போகக் கூடும்.

பழத்திலுள்ள சர்க்கரை நார்ச்சத்துடன் சேர்ந்திருக்கிறது. மென்று தின்றால் அது மெல்ல ஜீரணமாகி, இரத்தத்தில் சர்க்கரை படிப்படியாக ஏறும். சாறு பிழிந்து வடிகட்டினால் நார் சக்கையோடு போய்விடும். மூன்று பழத்தின் சர்க்கரை ஒரே மடக்கில் உள்ளே போகும். அமெரிக்காவில் சுமார் 1,87,000 மருத்துவப் பணியாளர்களிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்விலும், சாறு அதிகம் குடித்தவர்களிடையே இந்நோய் கூடுதலாகவும், பழமாகத் தின்றவர்களிடையே குறைவாகவும் காணப்பட்டது.

கொல்லைக் கொய்யாவே இதில் முதலிடம் பெறத் தக்கது. 100 கிராம் கொய்யாவில் சர்க்கரை 9 கிராம், நார் 5 கிராம் அளவில் உள்ளது. மாம்பழத்தில் சர்க்கரை 14 கிராம். நாரோ இரண்டு கிராம் கூட இல்லை. எனவே மாம்பழம் ஓரிரு துண்டு, பலா இரண்டு மூன்று சுளை போதும். வாழை பழுக்கப் பழுக்க அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. தோல் கறுத்துக் குழைந்த பழத்தை விடக் கெட்டியான சிறு பழம் மேல்.

வயிறு நிறையச் சோறு உண்டு, அதன் மேல் பழம் தின்பதுதான் பெருந்தவறு. காலை உணவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் தின்னலாம். அல்லது சோற்றில் ஒரு கைப்பிடி குறைத்துக் கொள்ளலாம். ஒரே பழம் எல்லோருக்கும் ஒரே அளவில் சர்க்கரையை ஏற்றுவதில்லை. சாப்பிட்ட 2 மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதித்தால் தமக்கு எது ஒத்துக் கொள்கிறது என்று தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பழம், இளநீர் இரண்டையும் மருத்துவரைக் கேட்டே எடுத்துக் கொள்ள வேண்டும்.

பனையில் கிடைப்பதெல்லாம் நல்லது என்ற எண்ணம் இப்பகுதியில் உண்டு. இளநுங்கு ஒன்றிரண்டு தின்னலாம். பதநீர் அப்படியல்ல, ஒரு டம்ளரில் நான்கு ஸ்பூன் சர்க்கரை இருக்கும். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக் கொண்டு, சாப்பிடாமல் வேலை செய்பவருக்கு வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். அப்போது இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். மூன்று ஸ்பூன் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். அந்நேரத்தில் பதநீரும் மருந்தே. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.