டர்போவும் அதன் கடிவாளமும்



விரைவு வண்டிகளைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் 'டர்போ' என்னும் சொல் இளைஞர் வாயில் தவறாமல் வருகின்றது. அதன் காற்றழுத்தத்தைக் கூட்டினால் குதிரைத்திறன் கூடும் என்பதை அவர்கள் அறிவர். ஆனால் எவ்வளவு கூட்டலாம், எந்த வேகத்தில் கூட்டலாம், கூட்டியதை எவ்வாறு நிலைநிறுத்துவது என்னும் மூன்று வினாக்களையும் கேட்டால் பலர் மௌனம் சாதிக்கின்றனர். எஞ்சினின் உயிரும், சில வேளை ஓட்டுபவரின் உயிருமே அவ்வினாக்களைச் சார்ந்து நிற்பதால், அவற்றையே இன்று நாம் ஆராய்வோம்.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். சிலிண்டரின் கொள்ளளவோ மாறாதது. ஆகவே மிகுதியான பெட்ரோலை எரித்து மிகுதியான ஆற்றலைப் பெற விரும்பினால், அதே இடத்திற்குள் காற்றை அழுத்தித் திணித்தல் வேண்டும். இதற்கான ஆற்றலை வெளியே வீணாகும் புகையிலிருந்தே பெறலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்பிரெட் பூஷி. அவர் 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள்: புகை ஒன்றைச் சுழற்றுகிறது, மற்றொன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. இன்றைய சிறு டர்போக்களில் இத்தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேலாகச் சுழல்வதுண்டு. 1918-இல் அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவர், ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டு சென்று, காற்று மெலிந்த அவ்விடத்திலும் டர்போவினால் அது வலிமை குன்றாது இயங்குவதைக் காட்டினார். 1962-இல் ஓல்ட்ஸ்மொபீல், செவர்லே ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் கார்களில் டர்போ விற்பனைக்கு வந்தது.

இங்கே ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. புகை மிகுந்தால் சக்கரம் விரைகிறது. சக்கரம் விரைந்தால் காற்று மிகுகிறது. காற்றும் எரிபொருளும் மிகுந்தால் மீண்டும் புகை மிகுகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இச்சுழற்சியைத் தடுப்பார் இல்லையேல், எஞ்சின் சிதையும்வரை அழுத்தம் ஏறிக்கொண்டே போகலாம். ஏரி நிரம்பினால் கரை உடையாதபடி மிகை நீரை வெளியேற்றக் கலிங்கு அமைப்பது போல, மிகைப் புகையைச் சக்கரத்தின் மீது படாமல் ஒதுக்கிவிட ஒரு கதவு அமைத்தனர். அதன் பெயர் வேஸ்ட்கேட். ஒரு சுருள்வில் அதை மூடி வைத்திருக்கும். காற்றழுத்தம் ஒரு குழாய் வழியாக வந்து வில்லை வென்றவுடன் கதவு திறந்துகொள்ளும்.

வில் நேர்மையான காவலன்; ஆயினும் அதற்குத் தெரிந்தது ஒரே ஓர் எண்தான். வெயிலின் வெப்பத்தையும், ஊற்றிய பெட்ரோலின் தரத்தையும், எஞ்சின் வேகத்தையும் அது அறியாது. ஆதலால் மிக மோசமான சூழ்நிலையை மனத்திற்கொண்டு, அழுத்தத்தைத் தாழ்வாகவே வைக்க வேண்டியிருந்தது.

மின்னணுவியல் இந்தக் குறையை நீக்கிற்று. வில்லுக்குச் செல்லும் குழாயில் சோலினாய்டு என்னும் மின்காந்த வால்வைப் பொருத்தினர். அது விநாடிக்குப் பலமுறை திறந்து மூடி, வில்லை எதிர்க்கவேண்டிய காற்றில் ஒரு பகுதியைத் திருப்பி விடுகிறது. உண்மையான அழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தமே கதவுக்குத் தெரிவதால் அது காலந்தாழ்த்தித் திறக்கிறது. எஞ்சினில் அழுத்தம் உயர்கிறது. நூற்றில் எத்தனை பங்கு நேரம் வால்வு திறந்திருக்கிறதோ அதனைத் திறப்பு விகிதம் என்போம். இவ்விகிதத்தைக் கணினி ஆள்கிறது.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, ஸ்வீடன் நாட்டு சாப் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் தன் சாப் 900 டர்போ காரில் அமைத்த ஏ.பி.சி. என்னும் முறை. அழுத்தமும் வெப்பமும் அளவு கடந்தால், தீப்பொறி தொட்ட இடத்திலிருந்து சீராகப் பரவவேண்டிய தீ, எரியாதிருக்கும் கலவையில் தானாகவே வெடித்துப் பற்றுகிறது. இதற்கு 'நாக்' என்று பெயர். சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலியெழுப்பும் இது பிஸ்டனையே துளைத்துவிட வல்லது. சாப் பொறியியலாளர் எஞ்சினின் உடலில் ஓர் உணர்கருவியைப் பொருத்தி அந்த ஒலியைக் கேட்கச் செய்தனர். தட்டல் கேட்டவுடன் அழுத்தம் குறையும். நின்றவுடன் மெல்ல உயரும். தரம் குறைந்த பெட்ரோலில் ஆற்றல் சற்றுக் குறையுமேயன்றி எஞ்சினுக்குக் கேடு வராமல் காக்கும் ஏற்பாடு இது.

இனி, இத்தகைய கட்டுப்பாட்டைச் சீரமைக்கும் முறையைக் காண்போம். இதில் வரிசை மிக முக்கியம்.

முதற்படி, வால்வின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு வில் மட்டும் தரும் அழுத்தத்தை அளத்தல். அது வளி அழுத்தத்திற்கு மேல் 0.5 பார் என்று வைத்துக்கொள்வோம். கணினி எத்துணைத் திறமையுடையதாயினும், இத்தகைய அமைப்பில் வில்லின் அளவுக்குக் கீழே அழுத்தத்தை நிறுத்த இயலாது. குழாய்களில் கசிவு இருந்தால் அதுவும் இப்போதே வெளிப்படும்.

இரண்டாம்படி, தானே திருத்தும் வேலையைக் கணினிக்குக் கொடாமல், திறப்பு விகிதத்தை 20, 30, 40 விழுக்காடு எனச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வோர் எஞ்சின் வேகத்திலும் கிடைக்கும் அழுத்தத்தைக் குறித்து அட்டவணையாக்குதல். வேண்டிய எல்லையை நெருங்கியதும் நிறுத்திவிட வேண்டும். எரிபொருள் கலவையும் தீப்பொறி நேரமும் ஒவ்வொரு படியிலும் உடன் சரிபார்க்கப்படல் வேண்டும். அழுத்தம் மிகும்போது கலவை சற்றுச் செறிவாகவும், தீப்பொறி சற்றுப் பிந்தியும் இருப்பது வழக்கம்.

மூன்றாம்படியே கணினியைத் தானாகத் திருத்தச் செய்தல். இங்கே நீங்கள் வகுப்பில் படிக்கும் நுண்கணிதம் நேரே உதவுகிறது. நாம் விரும்பிய அழுத்தத்திற்கும் கிடைத்த அழுத்தத்திற்கும் உள்ள வேறுபாடே பிழை. பிழையின் இப்போதைய அளவு, இதுவரை சேர்ந்த அதன் தொகை, அது மாறும் வேகம் ஆகிய மூன்றையும் கணினி நோக்குகிறது. 1922-இல் நிக்கலஸ் மினார்ஸ்கி கப்பலைத் தானாகச் செலுத்தும் முறையை ஆராய்ந்தபோது, அனுபவமிக்க மாலுமிகள் சுக்கானைத் திருப்பும் விதத்திலிருந்து இக்கருத்தை விளக்கினார். நான் ஆசிரியனாகவே வாழ்நாளைக் கழித்தவன். ஆதலின் எனக்கு வேறோர் உவமை தோன்றுகிறது. மாணவனுக்கு உதவும் ஆசிரியர் இன்றைய மதிப்பெண்ணை மட்டுமா பார்க்கிறார்? பல மாதங்களாகச் சேர்ந்துவிட்ட பாக்கியையும், அவன் ஏறுமுகமா இறங்குமுகமா என்பதையும் சேர்த்தன்றோ பார்க்கிறார்?

முதற்கூறு மிகுந்தால் அழுத்தம் ஊசலாடும். மூன்றாம் கூறு மிகுந்தால் உணர்கருவியின் சிறு நடுக்கத்திற்கெல்லாம் வால்வு பதறும். தொகைக்கூறு இம்மூன்றிலும் நயவஞ்சகமானது. டர்போ இன்னும் வேகம் பிடிக்காத தொடக்கத்தில் பிழை பெரிதாகவே இருக்கும். அது விநாடிதோறும் சேர்ந்து மலைபோல் குவியும். பின்பு டர்போ விழித்தெழும்போது அந்தப் பழைய கணக்கையெல்லாம் கணினி ஒருங்கே தீர்க்க முயல, அழுத்தம் எல்லையைத் தாண்டிப் பாயும். ஆகவே இலக்கை நெருங்கிய பின்னரே தொகைக்கூறு செயற்பட வேண்டும் என்று நல்ல சீரமைப்பாளர் விதித்துவிடுவர்.

இறுதியாக, எல்லை மீறினால் எரிபொருளை நிறுத்தும் காவலும் வேண்டும். இது பிற காவல்கள் தவறும்போது உதவுவதற்கே. இதையே அன்றாடக் கட்டுப்பாடாக நம்பலாகாது. இச்சோதனைகள் அனைத்தும் சக்கரங்களை உருளைகளின் மீது ஓடவிடும் டைனமோமீட்டரிலேயே நடைபெற வேண்டும். பிறர் நடமாடும் சாலை சோதனைக்கூடம் அன்று.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கூறிய அமைப்பில் சோலினாய்டுக்கு மின்சாரம் நின்றுபோனால் என்ன ஆகும்? வில் மீண்டும் முழு அழுத்தத்தையும் உணர்கிறது. கதவு விரைவில் திறக்கிறது. எஞ்சின் மிகத் தாழ்ந்த அழுத்தத்திற்கு இறங்கி, வண்டி மெதுவாகவேனும் வீடு சேர்கிறது. கருவி பழுதுபடலாம், ஆனால் அதன் பழுது பாதுகாப்பின் பக்கமே சாயவேண்டும் என்று முதலிலேயே எண்ணி அமைத்திருக்கிறார்கள். நாளை பொறியியல் பயிலப்போகும் நீங்கள் எதை வடிவமைத்தாலும், 'இது தவறினால் எப்பக்கம் சாயும்?' என்னும் வினாவை முதலில் கேட்டுப் பழகுங்கள். எவ்வளவு ஆற்றல் வரும் என்னும் கணக்கைப் பிறகு போடலாம்.